கடைமடைக்கு முதல் நீர்

நம் நாட்டில் குடிநீருக்காகச் சர்க்கார் செலவிடும் பணம் சொற்பமன்று. 2019-ஆம் வருஷம் ஆகஸ்டு 15-ஆம் தேதி மத்திய சர்க்கார் அறிவித்த ஜல் ஜீவன் திட்டத்துக்கு மாத்திரம் மதிப்பிடப்பட்ட தொகை 3 லட்சத்து 60 ஆயிரம் கோடி ரூபாய். அன்று குழாய் இணைப்புப் பெற்றிருந்த கிராம வீடுகள் 3 கோடியே 23 லட்சம். அதாவது நூற்றுக்குப் பதினேழு. 2025-இல் அத்தொகை 15 கோடியைத் தாண்டி, நூற்றுக்கு எண்பது என்ற அளவை எட்டியது. இதைக் குறைவாகப் பேசுவது நியாயமன்று. ஆயினும், பொதுப் பணத்தைப் பற்றி ஆராய்வோர், எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. யார் வாசலுக்கு முதலிற் சென்றது, யார் வாசலுக்குக் கடைசியிற் சென்றது என்பதையும் கேட்க வேண்டும். இத்திட்டத்தை 2028 வரை நீட்டிப்பதாக 2025-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்திருக்கிறார்கள். எஞ்சிய பணம் செலவாகு முன்னரே இக்கேள்வி எழ வேண்டும். செலவான பின் கேட்பதில் பயனில்லை.

திட்டத்தின் விதிகளை ஊன்றிப் படிப்போர்க்கு ஒரு விஷயம் புலப்படும். மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குப் பணத்தைப் பங்கிடுகையில், கிராம ஜனத்தொகைக்கு நூற்றுக்கு 30, வறட்சியும் பாலையும் மலையுமான பிரதேசங்களுக்கு 30, இன்னும் இணைப்புப் பெறாத வீடுகளுக்கு 20, இரசாயன தோஷமுள்ள நீரைக் குடிப்போருக்கு 10, கிராமங்களில் வசிக்கும் பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர் ஜனத்தொகைக்கு 10 என்று கணக்கிடுகிறது. ஆகவே, தாழ்த்தப்பட்ட மக்கள் மிகுதியாக வாழும் மாநிலம் அவர்கள் தலையை எண்ணிக் காட்டிச் சற்று அதிகமாகப் பணம் பெறுகிறது. மெத்தச் சரி. ஆனால் எவர் பெயரைச் சொல்லிப் பணம் பெற்றோமோ, அவர் தெருவுக்கே அது முதலிற் செல்ல வேண்டும் என்ற கட்டாயம் ஊர் எல்லைக்குள் எங்கே இருக்கிறது?

முன்னுரிமை ஒன்று உண்டென்று அதிகாரிகள் எடுத்துக் காட்டுவர். பட்டியல் வகுப்பினரோ பழங்குடியினரோ பெரும்பான்மையாக உள்ள கிராமங்களுக்கு முதலிடம் தரவேண்டும் என்பது விதி. ஜனங்கள் செலுத்த வேண்டிய பங்கிலும் சலுகை உண்டு. ஊருக்குள் நடக்கும் வேலைகளின் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊரார் கொடுக்க வேண்டும். மலை, காட்டுப் பிரதேசங்களிலும், மேற்சொன்ன வகுப்பினர் பாதிக்கு மேற்பட்டு வாழும் கிராமங்களிலும் இருபதில் ஒரு பங்கு போதும். பார்வைக்கு நல்ல விதிகளே. ஆனால் 'பெரும்பான்மை' என்ற அந்த ஒரு சொல்லுக்குள் அநீதி ஒளிந்து நிற்கிறது.

தமிழ்நாட்டுக் கிராமத்தின் அமைப்பை அறியாதவர் யார்? ஊர் ஒருபுறம், ஆதிதிராவிடர் குடியிருப்பு மற்றொருபுறம். நடுவே வயலோ, ஓடையோ, சாலையோ இருக்கும். 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தில் ஐவரில் ஒருவர் பட்டியல் வகுப்பினர். அவர்கள் ஊர்தோறும் சிறு பகுதியாகச் சிதறி வாழ்கின்றனர். முந்நூறு வீடுள்ள கிராமத்தில் எண்பது வீடுகள் அவர்களுடையவை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கிராமம் பெரும்பான்மைக் கிராமமன்று. ஆகையால் அந்த எண்பது வீடுகளுக்கு முன்னுரிமையுமில்லை, பங்குத் தொகையில் சலுகையுமில்லை. தில்லியில் பணத்தைப் பங்கிடுகையில் எண்ணப்பட்டவர்கள், ஊரில் குழாய் பதிக்கையில் எண்ணப்படாமற் போகிறார்கள். பட்டியல் வகுப்பினருக்கென்று தனிக் கணக்குத் தலைப்பில் ஒரு பங்கை ஒதுக்கி எழுதும் வழக்கமும் உண்டு. கணக்குத் தலைப்பில் தண்ணீர் ஓடுவதில்லை, குழாயில்தான் ஓடும்.

குழாயின் இயல்பையும் சிறிது கவனிப்போம். மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீர், தொட்டிக்கு அருகிலுள்ள வீடுகளில் வேகமாகவும், தூரத்து வீடுகளில் மெதுவாகவும் விழும். இடையிலுள்ளோர் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால் கடைசி வீட்டுக் குழாயில் காற்றுத்தான் வரும். தொட்டி ஊர் நடுவே நிற்க, குடியிருப்பு எல்லையில் இருந்தால் கடைசி வீடு எவருடையது என்று சொல்லவும் வேண்டுமோ? ஆயினும் அந்த வீட்டிலும் இணைப்பு உண்டு. புள்ளிவிவரத்தில் அதுவும் தண்ணீர் பெற்ற வீடே. நாளொன்றுக்கு ஆளொன்றுக்கு 55 லிட்டர் என்பது திட்டத்தின் வாக்குறுதி. சராசரியில் அது நிறைவேறலாம். சராசரியைக் குடித்துத் தாகம் தீர்ந்தவர் எவருமில்லை.

பாசனத்தில் கடைமடை என்றால் என்னவென்று நம் குடியானவர்கள் அறிவார்கள். தலைமடைக்காரன் வாய்க்காலை வெட்டிவிட்டால் கடைமடைப் பயிர் கருகும் என்பதனால்தான், முறை வைத்து நீர் பாய்ச்சும் வழக்கத்தையும், அதை நடத்த நீர்க்கட்டி, நீராணிக்கர் என்ற ஊழியர்களையும் நம் முன்னோர் ஏற்படுத்தினர். பல ஊர்களில் அந்த ஊழியம் தாழ்த்தப்பட்ட வகுப்பினரிடமே இருந்து வந்தது. ஊரார் வயல்களுக்கெல்லாம் பட்சபாதமின்றி நீரைப் பங்கிட்டுக் கொடுத்த கைகள், தம் வீட்டுக் குடத்தை நிரப்பக் கடைசி வரிசையில் நிற்பது நமக்குப் பெருமை தருவதா?

இது இன்று நேற்று எழுந்த வழக்குமன்று. பொதுப் பணத்தில் கட்டிப் பராமரிக்கப்படும் நீர்நிலைகளைத் தீண்டாதார் உபயோகிக்கத் தடையில்லை என்று 1923-இல் பம்பாய்ச் சட்டசபை தீர்மானித்தது. அத்தீர்மானம் ஏட்டில் இருந்ததேயன்றி நாட்டில் நடக்கவில்லை. 1927-ஆம் வருஷம் மார்ச்சு 20-ஆம் தேதி டாக்டர் அம்பேத்கர் மஹாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்த வேண்டியிருந்தது. அது பற்றிய வழக்கு 1937-இல்தான் ஹைகோர்ட்டில் அம்மக்களுக்குச் சாதகமாக முடிந்தது. பின்னர் நமது அரசியல் சாசனத்தின் 15-ஆவது ஷரத்து, சர்க்கார் பணத்தால் முழுதுமோ பகுதியோ பராமரிக்கப்படுகிற அல்லது பொதுஜனங்களுக்கென்று விடப்பட்ட கிணறு, குளம் முதலியவற்றில் சாதி காரணமாக எவரையும் தடுக்கலாகாது என்று விதித்தது. இங்கே கவனிக்கத் தக்கது, பொதுப் பணமே உரிமைக்கு ஓர் ஆதாரமாகக் கூறப்பட்டிருப்பதாகும். கையை மறிப்பது சட்ட விரோதமென்றால், குழாயைக் கடைசியில் கொண்டு நிறுத்துவது மட்டும் எப்படித் தர்மமாகும்?

தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்கிட்டால் போதாதா, தனிச் சலுகை ஏன் என்று கேட்போர் உளர். முன்பே வயிறு நிரம்பியவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும் ஒரே அளவு சோறிடுவது சமத்துவமாகாது. எல்லையிலுள்ள சிறு குடியிருப்புக்குக் குழாயை நீட்டினால் வீட்டுக்கு வீடு செலவு அதிகமாகிறது என்பது மற்றோர் ஆட்சேபம். வாஸ்தவமே. ஆனால் அந்தத் தூரத்தை உண்டாக்கியவர்கள் அங்கே வாழ்பவர்களல்லர். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து எலும்பையும் பல்லையும் கெடுத்தபோது, செலவைப் பாராது ஜப்பானியக் கடன் பெற்று ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றினோம். 2013-இல் அது திறக்கப்பட்டது. பூமி செய்த கேட்டுக்குக் கணக்குப் பாராத நாம், மனிதர் செய்த கேட்டுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது முறையாகுமா?

ஆதலின் நாம் வற்புறுத்துவன நான்கு. முதலாவது, முன்னுரிமையையும் பங்குத் தொகைச் சலுகையையும் கிராமத்தைக் கொண்டு நிர்ணயிக்காமல் குடியிருப்பைக் கொண்டு நிர்ணயிக்க வேண்டும். இரண்டாவது, எந்தக் குடியிருப்புக்கு எவ்வளவு செலவாயிற்று என்பதைப் பஞ்சாயத்து ஆபீசின் சுவரில் எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும். மூன்றாவது, கடைசி வீட்டுக் குழாயில் எத்தனை நாழிகை, எத்தனை குடம் வருகிறதென்று அளந்த பின்னரே கிராமம் முழுவதும் நீர் பெற்றதாகக் கிராம சபை தீர்மானம் இயற்ற வேண்டும். நான்காவது, விதிப்படி தண்ணீர்க் கமிட்டியில் நலிந்த பிரிவினருக்குரிய கால் பங்கு ஸ்தானங்கள் கையெழுத்துக்கு மாத்திரம் அல்லாமல், செலவை நிர்ணயிக்கும் அதிகாரத்தோடு இருக்க வேண்டும்.

இவற்றைச் சர்க்கார் தானே மனமுவந்து செய்யுமென்று காத்திருப்பது வீண். நம் மாநிலத்தில் வருஷத்துக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று மார்ச்சு 22, உலகத் தண்ணீர் தினம். தேசத் தொண்டில் ஈடுபட்டோர் மேடைப் பிரசங்கத்தை ஒரு நாள் நிறுத்திவிட்டு அங்கே போகட்டும். கடைசி வீட்டுக் குழாயை அளந்தீர்களா என்று எழுந்து கேட்கட்டும். விடை வரும் வரையில் உட்காராதிருக்கட்டும். கடைமடை நனைந்தால் தலைமடை வறண்டுவிடாது. கடைமடை வறண்டு கிடக்கையில் தலைமடையார் பேசும் சுதந்திரத்துக்கும் சமத்துவத்துக்கும் பொருளில்லை.