சிவன் ஒருவரே

பாபநாசம் சிவனை இரண்டாகப் பிளந்து காண்போர் நம்மிடையே உளர். மயிலாப்பூர் மாடவீதிகளில் மார்கழிப் பனியில் பஜனை பாடிச் சென்றவர் ஒரு சிவனாம்; படங்களுக்குப் பாட்டெழுதியவர் வேறொரு சிவனாம். முன்னவர் அருளாளர், பின்னவர் பொருளுக்காகத் தாழ்ந்தவர் என்று தீர்ப்பும் கூறுவர். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவிலும் இத்தீர்ப்பே செல்லுகிறது. கீர்த்தனை பாடும் குழந்தைக்குப் பாராட்டு. சினிமாப் பாட்டென்றால் முகச்சுளிப்பு. இதனை நாம் மறுக்கிறோம்.

1890இல் தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்து, தந்தையை இழந்து, அன்னையுடன் திருவனந்தபுரம் வந்த சிறுவர் இராமையாவே பின்னாளில் சிவன் ஆனார். நம்மைப் போல் வாழ வழி தேடி இங்கு வந்த குடும்பம் அது. இந்நகரின் சமஸ்கிருதக் கல்லூரியில் அவர் இலக்கணம் கற்றார். ஆயினும் அவரை ஆட்கொண்டவை நீலகண்ட சிவனின் தமிழ்ப் பாடல்களும் பஜனையுமே. பஜனையில் ஒருவர் பாட, கூடியிருப்போர் அனைவரும் திருப்பிப் பாடுவர். சொல் எளிதாகவும் மெட்டு மனத்தில் பதிவதாகவும் அமைந்தாலன்றி அது நடவாது. இப்பாடத்தை அவர் கற்ற இடம் இவ்வூர்.

1910இல் அன்னை மறைந்தபின் கோயில் கோயிலாகப் பாடித் திரிந்தவர், 1930களில் திரையுலகம் புகுந்தார். அங்கும் அவர் கைவிடாதது அதே பாடம். 'அசோக்குமார்' (1941), 'சிவகவி' (1943), 'ஹரிதாஸ்' (1944) ஆகிய படங்களில் அவர் எழுதிய பாடல்களைத் தியாகராஜ பாகவதர் பாட, சபாக்களின் வாயிலை மிதித்தறியாத மக்களும் இராகச் சுவை அறிந்தனர். நம் சுவாதித் திருநாள் 'கிருபயா பாலய' இயற்றிய சாருகேசியைப் பாமரரும் முணுமுணுக்கச் செய்தது 'ஹரிதாஸ்' படத்தின் 'மன்மத லீலை' அன்றோ?

அது பக்திப் பாட்டன்றே என்பர். ஆம், அன்று. கதையில் பின்னர் திருந்தப்போகும் ஒருவன் வாய்ப்பாட்டு அது. பாத்திரத்திற்கேற்பப் பாடுவது கவிஞன் கடமை. ஊதியம் பெற்றாரே என்பர். பெற்றார், குடும்பம் காத்தார். இராகத்தை விற்றாரா? இல்லை. 1971இல் அவருக்குச் 'சங்கீத கலாநிதி' விருதளித்த சென்னை மியூசிக் அகாதமி, படப்பாட்டைக் காட்டி அவரை விலக்கவில்லை. நாம் மட்டும் ஏன் விலக்க வேண்டும்?

1973இல் சிவன் மறைந்தார். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாத நம் பிள்ளைகள், மலையாள எழுத்தில் எழுதிவைத்தேனும் இன்று அவரைப் பாடுகின்றனர். அவர்களுக்குப் பாதிச் சிவனைத் தருவது நியாயமன்று. கீர்த்தனையொன்றும் திரைப்பாடலொன்றும் சேர்த்தே கற்பிப்போம். இரண்டும் ஒரே நெஞ்சில் ஊறியவை என்பதைப் பாடும் பிள்ளைகளே உணர்வர்.