அடுக்கு நிக்கறதுக்கு சிரப் எதுக்கு?

அடுக்கடுக்கா இருக்கற அந்த ஐஸ் டீயை எல்லாரும் பார்த்திருப்பீங்க. அடியில ரத்தச் சிவப்பு, நடுவுல மஞ்சள், மேல வெளிறிப்போன கிரீன் டீ, ஓரத்துல ஒரு எலுமிச்சைத் துண்டு. சென்னையில ஏசி போட்ட கடைன்னா 200 ரூபாய் கேக்கறாங்க. குடிக்கறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்தே ஆகணும், அது எழுதாத சட்டம் :-)

நான் கிண்டல் பண்ண வரலை. பார்க்க அழகா இருக்கு, நம்ம வெயிலுக்கு ஏத்த சமாச்சாரம்தான். எனக்குச் சண்டை அந்த அடியில இருக்கற சிவப்போட மட்டும்தான். முக்கால்வாசி கடைல அது பழம் இல்ல, பாட்டில் சிரப். "சிரப் இல்லாட்டி அடுக்கு நிக்காதுங்க"ன்னு ஒரு கடைல சொன்னாங்க. அது உண்மை இல்ல. அதைச் சொல்றதுக்குத்தான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

அடுக்கு எப்படி நிக்குது? இதுல மந்திரம் ஒண்ணும் கிடையாது, பத்தாவது இயற்பியல்தான். கனமான திரவம் கீழ, லேசான திரவம் மேல. ஒரு ஜூஸுக்குக் கனம் குடுக்கறது பெரும்பாலும் அதுல கரைஞ்சிருக்கற சர்க்கரைதான். ஒரு மில்லி தண்ணி 1 கிராம். அதுல 10 சதவீதம் சர்க்கரை கரைஞ்சிருந்தா 1.04 கிராம், 20 சதவீதம்னா 1.08. இந்தத் துளி வித்தியாசம் போதும், ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்துக்கும். சர்க்கரை போடாத டீயோ கிட்டத்தட்ட வெறும் தண்ணி. அதனால எந்தப் பழச்சாறு மேலயும் அது மிதக்கும். தர்பூஸ் சாறுல சர்க்கரை ரொம்பக் கம்மி, 100 கிராம் பழத்துக்கு 6 கிராம் அளவுக்குத்தான். அதுக்கு மேலயே டீ நிக்கும். மாம்பழக் கூழ்ல அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல இருக்கு, அதனால மாம்பழத்து மேல தர்பூஸே நிக்கும். ஆக, அடியில மாம்பழம், நடுவுல தர்பூஸ், மேல டீ. மூணு அடுக்கு ரெடி, ஒரு சொட்டு சிரப் இல்ல.

இன்னொரு விதமா பார்த்தா அந்த டம்ளர் ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரி. (பி.காம் படிக்கறவன் வேற எதோட ஒப்பிடுவான்!) எது அடியில போய்ப் படுத்துக்குதோ அதுலதான் சர்க்கரை. ஒளிச்சு வைக்க முடியாது. கடை டம்ளர்ல அடியில கெட்டியா, ஐஸ் உருகினாலும் அசையாம ஒரு சிவப்பு நிக்குது பாருங்க, அதுல பாதிக்கு மேல சர்க்கரை. 30 மில்லி ஊத்தினா 20 கிராம் கிட்ட வந்துடும். உலக சுகாதார நிறுவனம் 2015-ல வெளியிட்ட வழிகாட்டுதல்படி, சேர்த்துக்கற சர்க்கரையை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள வெச்சுக்கிட்டா நல்லது. ஒரே டம்ளர்ல அந்த நாள் கணக்கு கிட்டத்தட்ட முடிஞ்சிடுது. அந்த வழிகாட்டுதல் பழச்சாறுல இருக்கற சர்க்கரையையும் இதே கணக்குலதான் சேர்க்குது, முழுப் பழத்தை மட்டும்தான் விட்டுடுது. அதனால தர்பூஸ் சாறு புனிதம்னு நான் சொல்லலை. 120 மில்லி ஊத்தினா 8 கிராம் மாதிரி வரும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனா 20-க்கும் 8-க்கும் இருக்கற வித்தியாசம் சின்னது இல்லையே. இந்தியாவுல 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய்னு ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-ல சொல்லிச்சு. நம்ம தெருவுலயே வீட்டுக்கு ஒருத்தர் மாத்திரை போடறாங்க.

"கிரீன் டீ இருக்கே, அது உடம்புக்கு நல்லது, எடை குறைக்கும்"னு அடுத்த சமாதானம் வரும். கிரீன் டீயும் எடையும் பத்தி நடந்த பல ஆய்வுகளை ஒண்ணா வெச்சுப் பார்த்து காக்ரேன் அமைப்பு 2012-ல ஒரு அறிக்கை குடுத்துச்சு. எடை குறையறது கண்ணுக்கே தெரியாத அளவு, பெரிசா எடுத்துக்க வேண்டாம்கறதுதான் அதோட சாரம். கிரீன் டீயை ருசிக்குக் குடிங்க. பழத்தோட இனிப்புக்கு எதிரா லேசா ஒரு துவர்ப்பு நிக்குது பாருங்க, அதுக்காகவே குடிக்கலாம்.

இப்ப எங்க ஊர் கதைக்கு வரேன். உத்திரமேரூர்னா வெளியூர்க்காரங்களுக்குக் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வரும். மாசி, பங்குனியில இந்தப் பக்கம் வந்தா தர்பூஸ் ஞாபகம் வரும். இங்கேர்ந்து மதுராந்தகம், திண்டிவனம் வரைக்கும் ரோட்டோரம் கீத்துப் பந்தல் போட்டு மலை மாதிரி குவிச்சு வெச்சிருப்பாங்க. 70, 90 நாள்ல கைக்கு வர்ற பயிர். வெயில் ஏறும்போது அறுவடை வர்ற மாதிரி கணக்குப் பண்ணி விதைப்பாங்க.

2025 கோடையில என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா? தர்பூஸ்ல ஊசி போட்டுச் சாயம் ஏத்தறாங்க, பஞ்சுல தொடச்சுப் பாருங்க, டிஷ்யூ பேப்பர்ல தொடச்சுப் பாருங்கன்னு வீடியோ பரவுச்சு. ஜனங்க வாங்கறதை நிறுத்தினாங்க. விலை விழுந்துச்சு. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, விழுப்புரம்னு இந்தப் பக்கத்து விவசாயிங்க அடிபட்டாங்க. அப்புறம் அந்த மாதிரி கலப்படப் பழம் எதுவும் பிடிபடலைன்னு அதிகாரிங்களே விளக்கம் குடுத்தாங்க. அதுக்குள்ள சீசன் போச்சு. தங்கத்தை, ஏன் நெல்லைக்கூட, விலை வர்ற வரைக்கும் வெச்சுக்கலாம். தர்பூஸை எங்க வெச்சுக்கறது? ஒரு பத்து நாள் டிமாண்ட் படுத்தா அந்த வருஷக் கணக்கே படுத்துடும். எகனாமிக்ஸ்ல சப்ளை, டிமாண்ட் வளைவு வரையறப்ப வாத்தியார் இந்த உதாரணத்தைச் சொல்லியிருக்கலாம்.

பஞ்சுல தொடச்சா சிவப்பு ஒட்டத்தான் செய்யும். தக்காளியில இருக்கற அதே லைக்கோபீன்தான் தர்பூஸ்லயும் இருக்கு, அது நிறமி, ஒட்டும். ஊசி போட்ட பழம் வெயில்ல அந்தத் துளை வழியாவே கெட்டுப்போகும், எந்த வியாபாரி அதைப் பண்ணுவான்? ரோட்டோரத்துல பழம் வாங்கப் போனப்ப கடைக்கார அண்ணன் என்னைப் பார்த்து, "என்னா தம்பி, டிஷ்யூ கொண்டாந்திருக்கியா?"ன்னு கேட்டாரு. "இல்லண்ணே, பை கொண்டாந்திருக்கேன்"னேன். சிரிச்சாரு. ஆனா அது நல்ல சிரிப்பு இல்ல.

எனக்குக் கோவம் வர்ற இடம் இதுதான். சாயம் இல்லாத பழத்தைப் பஞ்சு வெச்சுத் தொடச்சுப் பார்த்தோம். சாயம் இருக்குன்னு தானாவே ஒத்துக்கற பாட்டிலை யாரும் திருப்பிப் பார்க்கலை. சிவப்பு சிரப் பாட்டில் ஏதாவது ஒண்ணை எடுத்துப் பின்பக்கம் படிங்க. அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறம்னு போட்டு 122 மாதிரி ஒரு நம்பர் பல பாட்டில்ல இருக்கும். அது சட்டப்படி சரிதான், குத்தம் சொல்லலை. ஆனா சந்தேகத்தை எல்லாம் வயல்ல இருந்து வர்றதுக்கும், நம்பிக்கையை எல்லாம் பாட்டில்ல இருந்து வர்றதுக்கும் வெச்சிருக்கோமே, அது என்ன நியாயம்?

சரி, செய்யற விதம்.

முதல்ல டீ. தண்ணியைக் கொதிக்க வெச்சு இறக்கி ஒரு அஞ்சு நிமிஷம் விட்டுடுங்க. தளதளன்னு கொதிக்கற தண்ணியை ஊத்தினா கசக்கும், 80 டிகிரிக்குள்ள போதும். ஒரு டம்ளருக்கு ஒரு டீஸ்பூன் இலை, இரண்டு இல்ல மூணு நிமிஷம், வடிகட்டிடணும். ஐஸ் உருகித் தண்ணியாகும், அதனால டீ கொஞ்சம் திடமா வேணும். அதுக்கு இலையைக் கூட்டணுமே தவிர நேரத்தைக் கூட்டக்கூடாது. இல்லைன்னா இன்னும் சுலபமான வழி, ஆறின குடிதண்ணியில இலையைப் போட்டு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டு காலைல வடிகட்டிக்குங்க. கசப்பே வராது, கேஸும் மிச்சம்.

தர்பூஸைக் கொட்டை எடுத்து மிக்சியில ஒரு சுத்து, ஒரே ஒரு சுத்து விட்டு வடிகட்டுங்க. ரொம்ப அரைச்சா நுரை வந்து மேல ஏறிக்கும், அடுக்கு கலங்கிடும். மாம்பழம் பங்கனப்பள்ளியோ செந்தூரமோ எதுவானாலும் சரி, நார் இல்லாம அரைச்சுக்கணும். எல்லாம் ஜில்லுனு இருக்கணும்.

டம்ளர் கண்ணாடியா இருக்கட்டும். எவர்சில்வர் டம்ளர்ல அடுக்கு போட்டா அது உங்களுக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். அடியில மாம்பழக் கூழ் மூணு ஸ்பூன். டம்ளர் முக்காலுக்கு ஐஸ். தர்பூஸ் சாறை ஐஸ் மேல படற மாதிரி, ஒரு ஸ்பூனைக் கவுத்துப் பிடிச்சு அது வழியா மெதுவா விடுங்க. அதே மாதிரி டீ. அவ்வளவுதான். பத்து நிமிஷம் தெளிவா நிக்கும், அப்புறம் கோடு மங்க ஆரம்பிக்கும். நுங்கு சீசன்ல மாம்பழத்துக்குப் பதிலா நுங்கைப் பொடியா நறுக்கிப் போட்டா இன்னும் விசேஷம். சப்ஜா விதை ஊற வெச்சுப் போட்டா அதுவும் நல்லா இருக்கு. ஸ்ட்ரா தேடாதீங்க, ஸ்பூன் போதும். (பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தமிழ்நாட்டுல 2019 ஜனவரி 1-லேர்ந்தே தடை.) சாப்பாட்டோட சேர்த்துக் குடிக்காதீங்க, சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர்றதை டீ குறைக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிச்சா போதும்.

ஐஸ் மட்டும் வீட்டு ஐஸா இருக்கட்டும். மீன் பெட்டிக்குப் போற பாளத்தை உடைச்சு ஜூஸ்ல போடறது நிறைய இடத்துல நடக்குது. மகாராஷ்டிரால 2018-ல சாப்பிடத் தகாத ஐஸுக்கு நீல நிறம் போடணும்னு உத்தரவே போட்டாங்க. ஒரு காலத்துல மெட்ராஸ்ல ஐஸ்னா அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்தது, அதை வெக்கக் கட்டினதுதான் கடற்கரை ஐஸ் ஹவுஸ், இப்ப விவேகானந்தர் இல்லம். நமக்கு ஃப்ரீசர் இருக்கு, தண்ணியைக் காய்ச்சி ஆறவெச்சு ஊத்தினா முடிஞ்சுது.

டீ வாங்கறதுலயும் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஐஸ் டீயே வெளிநாட்டுச் சரக்குன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு தகவல். 1904-ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் கண்காட்சியில ஐஸ் டீயைப் பிரபலமாக்கினவர்னு சொல்லப்படற ரிச்சர்ட் பிளெச்சின்டன், இந்தியத் தேயிலையை விக்கறதுக்குப் போனவர். அவருக்கு முன்னாடியே, 1879-ல அங்க அச்சான ஒரு சமையல் புத்தகத்துல ஐஸ் டீ குறிப்பு இருக்கு, அதுவும் கிரீன் டீயில. நம்ம நீலகிரித் தேயிலைக்கும் ஐஸ் டீ உலகத்துல தனிப் பேர். குளிர வெச்சாலும் கலங்காம தெளிவா இருக்கும்னு தேடி வாங்கறாங்க. ஆனா இலை பறிச்சுக் குடுக்கற சின்ன விவசாயிங்க நிலைமை வேற. குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டு 2023 செப்டம்பர்ல உண்ணாவிரதம் உக்காந்தாங்க. (பேப்பர்ல "பசுந்தேயிலை விலை"ன்னு படிச்சா அது கிரீன் டீ விலை இல்ல, தோட்டத்துல பறிச்ச ஈர இலையோட விலை. நாலு, நாலரைக் கிலோ ஈர இலைக்கு ஒரு கிலோ டீதான் கிடைக்கும்.) அதனால எந்தக் கம்பெனி, எந்த ஊர்னு தெரியாத டீ பேக் வாங்கறதை விட, குன்னூர், கோத்தகிரி பக்கத்து உதிரி இலையா பார்த்து வாங்குங்க. ஒரு டம்ளருக்கு 2 கிராம், 100 கிராம் பாக்கெட்ல 50 டம்ளர் வரும். ரேஷன் கடை ஊட்டி டீத்தூள் இதுக்கு ஆகாது, அது பால் ஊத்திக் கொதிக்க வெக்கறதுக்கு.

செலவுக் கணக்கு போட்டுப் பார்த்தேன். பழம், இலை, ஐஸ் எல்லாம் சேர்த்து எங்க ஊர் விலைக்கு ஒரு டம்ளர் 20 ரூபாயைத் தாண்டலை, மாம்பழம் விலை ஏறின வாரத்துலகூட. காலேஜ் விழாவுல ஸ்டால் போட்டா 40 ரூபாய்க்குத் தாராளமா விக்கலாம்.

தர்பூஸ் முடிஞ்ச பிறகு என்ன பண்றதுன்னு கேட்டா, மாதுளையும் பன்னீர் திராட்சையும் இருக்கு. இரண்டும் தர்பூஸை விட இனிப்பு, அதனால ரொம்ப நல்லாவே அடியில உக்காரும், அளவைக் குறைச்சுக்கணும். சாத்துக்குடி நடு அடுக்குக்குச் சரி. சீதாப்பழம் மட்டும் வேண்டாம், பாயசம் மாதிரி ஆயிடும்.