கருவி இருந்தால் போதுமா?

மேனியில் தெரியும் புண்ணுக்கு மருந்திடுவது எளிது. மேனிக்குள் ஒளிந்திருக்கும் நோயை அறிவதே அரிது. நோய் இன்னதென்றும் அதன் காரணம் இன்னதென்றும் ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்யவேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை அன்றே வகுத்துரைத்தார். அந்த ஆராய்ச்சிக்குப் பண்டைய மருத்துவருக்குக் கண்ணும் விரலும் அனுபவமுமே துணை. இன்றைய மருத்துவருக்கோ, உடலைக் கிழிக்காமலே உள்ளே பார்க்கும் கருவிகள் துணை நிற்கின்றன. அந்தத் துணை ஏழைக்கும் கிடைக்கின்றதா என்பதே என் கேள்வி.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒரு வரலாற்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், ஜெர்மனி நாட்டு அறிஞர் ராண்ட்ஜன் தம் ஆய்வுக்கூடத்தில் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு 1901இல் அவருக்கே கிடைத்தது. ஆயினும் அக்கண்டுபிடிப்புக்கு அவர் காப்புரிமை பெறவில்லை. உலகத்துக்குப் பொதுவாகட்டும் என்று விட்டுவிட்டார். கண்டவர் விலை பேசாத கதிருக்கு இன்று காண வருபவர் விலை கொடுக்க நேர்வது முரண்பாடு அன்றோ?

எங்கள் ஊருக்கு அருகே ஓர் அரசு மருத்துவமனை உண்டு. பெயர் வேண்டா, பல ஊர்களின் கதையும் அதுதான். அங்கே எக்ஸ்ரே கருவி இருக்கிறது, இயக்குபவர் ஒருவரே. பிற்பகலானால் அறை பூட்டப்படும். அவர் விடுப்பு எடுத்தால் அன்று படமே இல்லை. மாலையில் பனையிலிருந்து விழுந்தவன் எலும்பு முறிந்ததா என்று அறியத் தனியார் நிலையத்தைத்தான் நாடவேண்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் வாரத்தில் இரண்டே நாள். களையெடுக்கும் கூலி வேலை பார்க்கும் என் அத்தை, வயிற்று வலியோடு மூன்று முறை பேருந்தேறிச் சென்றார். முதல் முறை, அது ஸ்கேன் நாளன்று என்றார்கள். இரண்டாம் முறை, மருத்துவர் வரவில்லை. மூன்றாம் முறைதான் பித்தப்பையில் கல் இருப்பது தெரிந்தது. இலவச ஸ்கேனுக்கு அவர் கொடுத்த விலை மூன்று நாள் கூலி!

'ஒவ்வோர் ஊருக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும், எம்.ஆர்.ஐ. வேண்டும்' என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. எலும்பு முறிவு, நுரையீரல் நோய், சிறுநீரகக் கல், கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சி ஆகியவற்றை அறியப் பெரும்பாலும் எக்ஸ்ரேயும் அல்ட்ராசவுண்டுமே போதும். நம்மிடம் குறைவாக இருப்பவர்கள் கருவியை இயக்குபவரும், படத்தைப் படித்துச் சொல்பவருமே. ஆளில்லாத கருவி, ஆசிரியர் இல்லாத வகுப்பறை போன்றது.

எளிய எக்ஸ்ரேயின் வலிமையை ஒரு சான்று காட்டும். 2019 முதல் 2021 வரை இந்தியாவில் காசநோய் பற்றிய தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. அதில் கண்டறியப்பட்ட நோயாளிகளில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல், மார்புப் படம் எடுக்காவிடில் தப்பவிடப்பட்டிருப்பர். இருமலும் காய்ச்சலும் காட்டிக்கொடுக்காத நோயைப் படத்திலுள்ள நிழல் காட்டிக்கொடுத்தது. பூட்டிய அறைக்கு முன்னிருந்து திரும்பிப் போகிறவர், தம் நோயையும் வீட்டுக்குக் கொண்டு செல்கிறார் என்பதை மறக்கலாமா?

வல்லுநர் பற்றாக்குறையை என்ன செய்வது என்று கேட்கலாம். இன்றைய படங்கள் கணினிப் படங்கள். சிற்றூரில் எடுத்ததை மாவட்டத் தலைநகரிலுள்ள வல்லுநர் சில நிமிடங்களில் பார்க்க இயலும். தேசிய சுகாதார இயக்கம் 2015இல் வகுத்த இலவசப் பரிசோதனைத் திட்டத்திலேயே இதற்கு இடமுண்டு. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோரின் மார்புப் படத்தில் காசநோயின் அடையாளங்களைத் தேட, மனிதருக்குப் பதிலாகக் கணினி மென்பொருளையும் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. வழி இருக்கிறது, அதில் நடக்கும் மனமே வேண்டும்.

மக்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். 'எக்ஸ்ரே எடுத்தால் உடம்பு கெடும்' என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. ஒரு மார்புப் படத்தால் உடல் பெறும் கதிர்வீச்சு சுமார் 0.1 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் இயற்கையாகவே ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் நமக்கு வந்துசேர்கிறது. சி.டி. ஸ்கேனில் அளவு பன்மடங்கு அதிகம். ஆகவே, தேவையான படத்துக்கு அஞ்சவும் வேண்டா. தேவையற்ற ஸ்கேனை விரும்பிக் கேட்கவும் வேண்டா. எடுத்த படத்தைப் பத்திரப்படுத்தினால், மறுமுறை எடுக்கும் செலவும் கதிர்வீச்சும் மிச்சம்.

என் கோரிக்கைகள் மூன்றே. புதுக் கருவி வாங்குமுன் காலிப் பணியிடங்களை நிரப்புக. இரவிலும் எக்ஸ்ரே எடுக்க வழி செய்க. ஸ்கேன் நாள்களை வாயிலிலும் ஊராட்சி அலுவலகத்திலும் தமிழில் எழுதி வைக்க.

மாணவ நண்பர்களே! இக்கல்லூரியில் பயில்வோரில் பலர், குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். அந்த மருத்துவமனை வரிசையில் நிற்பவர்கள் நம் பெற்றோரும் உற்றாருமே. அவர்களுக்காக மனு எழுதவும், எழுதிய மனுவுக்கு விடை கேட்கவும் நம் படிப்பு பயன்படட்டும். உடலை ஊடுருவும் கதிருக்கு அறைக் கதவைத் திறக்கத் தெரியாது. அதை நாம்தான் திறக்கச் செய்யவேண்டும்!