அங்கோலா: உள்ளூரில் விளைந்த வெற்றி

1992 ஜூலை 26. பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்தின் ‘கனவு அணி’ ஆடிய முதல் ஆட்டம், எதிரே அங்கோலா. 7-7 என்று சமமாக நின்ற ஆட்டம் சிறிது நேரத்தில் கைமீறியது. அமெரிக்கா 46 புள்ளிகளைக் குவித்து முடிப்பதற்குள் அங்கோலாவால் எடுக்க முடிந்தது ஒரே ஒரு புள்ளி. அந்த ஒன்றும், அமெரிக்காவின் சார்லஸ் பார்க்லி அங்கோலாவின் ஹெர்லாண்டர் கோயிம்ப்ராவின் மார்பில் முழங்கையால் இடித்ததற்காக நடுவர் கொடுத்த ஃப்ரீ த்ரோவில் வந்தது. முடிவு 116-48. அங்கோலாவின் கூடைப்பந்து என்றதும் உலகத்துக்கு இன்றும் நினைவுக்கு வருவது அந்த முழங்கைதான். ஐந்து நாள் கழித்து அதே அணி, போட்டியை நடத்திய ஸ்பெயினை அதன் சொந்த ரசிகர்கள் முன்னாலேயே 83-63 என்று வீழ்த்தியதை யாரும் பேசுவதில்லை. ஸ்பெயின் சாதாரண அணி அல்ல. 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற நாடு. அப்படிப்பட்ட அணியை 20 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்ததை அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. சொல்லப்போனால் அங்கோலாவின் கதை தொடங்கவேண்டிய இடம் அந்த ஆட்டம்தான்.

1989 முதல் 2013 வரை நடந்த 13 ஆப்பிரிக்கக் கோப்பைப் போட்டிகளில் 11 கோப்பைகள் அங்கோலாவுக்கே போயின. நழுவியவை இரண்டுதான்: 1997இல் செனகலும் 2011இல் துனிசியாவும் பறித்துக்கொண்டன. 1992 முதல் 2008 வரை தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடியது. 2006 உலகப் போட்டியில் ஜெர்மனியை மூன்று கூடுதல் நேரங்கள் வரை இழுத்துச் சென்று 108-103 என்று தோற்றது. டிர்க் நோவிட்ஸ்கி தனியாளாக 47 புள்ளி எடுத்ததால்தான் ஜெர்மனியால் கரையேற முடிந்தது. இத்தனைக்கும் 2019இல் புருனோ ஃபெர்னாண்டோ அட்லாண்டா ஹாக்ஸ் அணிக்கு ஆடும்வரை அமெரிக்காவின் என்பிஏ-வில் ஒரு அங்கோலாக்காரர்கூடக் கால் வைத்ததில்லை. நைஜீரியாவும் செனகலும் என்பிஏ-வுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. நட்சத்திரமே இல்லாத நாடு எப்படிக் கால் நூற்றாண்டு கண்டத்தை ஆண்டது? உள்ளூர் லீக்கால் என்பதே என் பதில். ஒரு தேசிய அணியை உயரமோ, வெளிநாட்டில் பெயர் வாங்கிய பிள்ளைகளோ நிலைநிறுத்துவதில்லை. ஆண்டு முழுக்க ஓயாமல் நடக்கும் உள்ளூர்ப் போட்டிதான் நிலைநிறுத்துகிறது.

அந்த லீக்கைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கவேண்டும். ‘ஆகஸ்ட் முதல் தேதி’ என்று பொருள்படும் பிரிமெய்ரு டி அகோஸ்டு, இராணுவத்தின் கிளப். பெட்ரோ டி லுவாண்டாவுக்குப் பின்னால் அரசு எண்ணெய் நிறுவனமான சொனாங்கோல். இன்டர்கிளூப் காவல்துறையுடையது. ஏஎஸ்ஏ விமானத் துறையைச் சேர்ந்தது. தலைநகர் லுவாண்டாவுக்குள்ளேயே இந்தக் கிளப்புகளின் பகை பல பத்தாண்டுகள் கனன்றது. இதனால் தேசிய அணியின் பயிற்சி முகாம் தொடங்கும் நாளில் ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருக்கவில்லை. யார் எந்தப் பக்கம் திரும்புவான், யாருக்கு இடது கை பலம், கடைசி நிமிடத்தில் யார் பதறுவான் என்பதெல்லாம் லீக்கிலேயே தெரிந்திருந்தது. அவர்கள் உயரம் குறைவானவர்கள். கூடைக்கு அடியில் முட்டி மோதி ஜெயிக்க முடியாது. ஆகவே எதிரணியைக் கோர்ட் முழுக்க நெருக்கி, பந்தைப் பறித்து, வேகமாக ஓடி, தூரத்திலிருந்து மூன்று புள்ளி வீசும் ஆட்டத்தை வளர்த்தார்கள். இந்த ஆட்டம் கூட்டுப் பழக்கத்தால் மட்டுமே கைகூடும். பத்து நாள் முகாமில் கற்றுத்தர முடியாது. பயிற்சியாளர் விக்டோரினோ குன்யா 1980களில் கட்டி எழுப்பியதும், பின்னர் போர்ச்சுகலின் மாரியோ பல்மா மெருகேற்றியதும் இந்தப் பழக்கத்தைத்தான். ஜான் ஜாக் கன்செயிசாவ் போல லிஸ்பனின் பென்ஃபிகாவுக்குப் போய் ஆடியவரும் உண்டு. ஆனால் அவரும் பிரிமெய்ரு டி அகோஸ்டுவில் உருவாகிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

இது எண்ணெய்ப் பணமும் சர்வாதிகாரமும் செய்த வேலை, லீக்கின் மகிமை அல்ல என்பார்கள். அந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. 1975 நவம்பரில் விடுதலை பெற்றதிலிருந்து 2002 வரை அங்கோலாவில் உள்நாட்டுப் போர்; பார்சிலோனா ஒலிம்பிக்கே 1991 மே உடன்பாட்டுக்கும் 1992 அக்டோபரில் மறுபடி வெடித்த சண்டைக்கும் இடைப்பட்ட சிறு அமைதியில்தான் வந்தது. கண்ணிவெடிகளுக்கு நடுவே நாடு கிடக்க, இராணுவக் கிளப்பின் செலவுக்குக் கணக்குக் கேட்க யாருக்குத் துணிவு இருந்திருக்கும்? லிபோலோ கிளப் பின்னாளில் தலையெடுக்கும்வரை இந்த விளையாட்டின் அதிகாரம் தலைநகரை விட்டு நகரவும் இல்லை. இதைப் பெருமையாகப் பேச நான் தயாரில்லை. ஆனால் எண்ணெய் மட்டுமே காரணம் என்றால் நைஜீரியா கதை வேறாக இருந்திருக்க வேண்டுமே. ஆப்பிரிக்காவின் பெரிய எண்ணெய் நாடு, அங்கோலாவைவிடப் பல மடங்கு மக்கள்தொகை, அமெரிக்கக் கல்லூரிகளில் எண்ணற்ற ஆட்டக்காரர்கள். இருந்தும் அது முதல் ஆப்பிரிக்கக் கோப்பையை வெல்ல 2015 வரை காத்திருந்தது. பணம் இரண்டு நாட்டிலும் இருந்தது. ஒரு நாடு அதை ஆண்டுதோறும் உள்ளூர் ஆட்டத்தில் போட்டது.

இதைவிடக் கனமான எதிர்வாதம் தெற்கு சூடான். 2011இல் பிறந்த நாடு. உள்ளூர் லீக் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை. போரால் சிதறி ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் வளர்ந்த பிள்ளைகளை முன்னாள் என்பிஏ வீரர் லுவோல் டெங் ஒன்று திரட்டினார். 2023 உலகக் கோப்பையில் அந்த அணி 101-78 என்று வென்று ஆப்பிரிக்காவுக்கான நேரடி ஒலிம்பிக் இடத்தைக் கைப்பற்றியது யாரைத் தோற்கடித்து? அங்கோலாவைத்தான். மறு ஆண்டு லண்டனில் அமெரிக்காவிடம் 101-100 என்று ஒற்றைப் புள்ளியில் தோற்றது. ‘உள்ளூர் லீக் எதற்கு, புலம்பெயர்ந்தவர்கள் போதாதா’ என்ற கேள்வி அன்றிலிருந்து வலுத்துவிட்டது. தெற்கு சூடானின் சாதனையைக் குறைத்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் அந்த வழி ஒரு தலைமுறையையும் ஒரு மனிதரின் செல்வாக்கையும் நம்பி நிற்கிறது. அதே வழியில் போன நைஜீரியாவைப் பாருங்கள். 2021 ஜூலையில் என்பிஏ ஆட்கள் நிறைந்த அணி லாஸ் வேகஸில் அமெரிக்காவை 90-87 என்று வீழ்த்தியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடிய மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. சில வாரங்களில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பைக்கு அந்த ஆட்களில் பெரும்பாலோர் வரவில்லை. மிச்சமிருந்த அணி உகாண்டாவிடம் தோற்று வெளியேறியது. 2022இல் சங்கத் தகராறு முற்றி, நாட்டின் அதிபரே கூடைப்பந்தைச் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்குவதாக அறிவித்து, பிறகு பின்வாங்க வேண்டி வந்தது. திறமைக்கு அங்கே என்றும் பஞ்சமில்லை. அதைத் தாங்கிப் பிடிக்கக் கீழே ஒன்றும் இல்லை.

அங்கோலாவும் சறுக்கியதே என்று கேட்பது நியாயம். 2015 இறுதியில் நைஜீரியாவிடம் தோற்றது. 2017, 2021 கோப்பைகள் துனிசியாவுக்குப் போயின. 2019 உலகக் கோப்பையில் செர்பியாவிடம் 105-59 என்று நொறுங்கியது. 2014 நடுவில் எண்ணெய் விலை சரிந்ததும் கிளப்புகளின் கையிருப்பு குறைந்ததும் இதில் தொடர்புடையவை என்றே நினைக்கிறேன்; அரசை மட்டும் நம்பிய லீக் அரசோடு சேர்ந்து மெலிவது இயல்பு. என்றாலும் மீட்சி எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். 2024இல் பெட்ரோ டி லுவாண்டா, ஆப்பிரிக்கக் கிளப்புகளின் பிஏஎல் போட்டியில் லிபியாவின் அல் அஹ்லியை வென்று, அந்தக் கோப்பையைச் சகாராவுக்குத் தெற்கே கொண்டுவந்த முதல் அணியானது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் லுவாண்டாவில் தேசிய அணி மாலியை 70-43 என்று நசுக்கிப் பன்னிரண்டாவது கோப்பையை எடுத்தது. அதில் என்பிஏ அனுபவம் உள்ள ஃபெர்னாண்டோவும் இருந்தார். ஆனால் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது பெட்ரோவுக்கு ஆடிய, ஐந்தரை அடியை ஒட்டிய உயரமுள்ள சில்டி டுண்டாவுக்குப் போனது. ஏழடி ஆட்கள் நிற்கும் கோர்ட்டில் அவர் புகுந்து விளையாடியதைப் பார்த்தவர்கள் 1992 ஸ்பெயின் ஆட்டத்தின் சாயலைக் கண்டிருப்பார்கள்.

உள்ளூர் லீக்கின் தேவை இப்போது இன்னும் கூடியிருக்கிறது. 2017 முதல் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்கள் ஆண்டின் நடுவே சிறு சிறு இடைவெளிகளில் நடக்கின்றன. நவம்பர், பிப்ரவரி சுற்றுகள் என்பிஏ பருவத்துக்குள் விழுவதால் அங்கே ஆடுபவர்கள் நாட்டுக்காக வர முடியாது. 2027 கத்தார் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றிலும் இதே நிலைதான். இந்தக் குளிர்கால ஆட்டங்களுக்குச் சங்கங்கள் யாரை இறக்கும்? வெளிநாட்டு நட்சத்திரங்களின் விமானச் சீட்டுக்கும் விளம்பரத்துக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பகுதியை உள்ளூர் லீக்கின் நடுவர்களுக்கும் இளையோர் அணிகளுக்கும் திருப்பிவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை இருக்கும். அங்கோலாவில் அந்த விடை ஒவ்வொரு வார இறுதியிலும் லுவாண்டாவின் அரங்குகளில் ஆடிக்கொண்டிருக்கிறது. நைஜீரியாவில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.