ஒரு முட்டைக்கு நாலு ஏலம்

ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பார்க்காதவருக்கு அதை விளக்கிச் சொல்வது சிரமம். பொருளுக்கும் விலைக்கும் அங்கே சம்பந்தமே இராது. ஆராதனை முடிந்து சபைக் குருவான ஐயர் ஆசீர்வாதம் சொன்ன கையோடு கோயில் வாசல் வேப்பமரத்தடியில் கூட்டம் கூடிவிடும். வாழைத்தார், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கருப்பட்டி, காலைக் கட்டிப் போட்ட சேவல், விளைச்சல் நன்றாயிருந்த வருஷத்தில் ஓர் ஆட்டுக்குட்டி. எல்லாம் முதற்பலன் என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து பீடத்தருகே வைத்தவை. ஏலம் கூறுகிறவருக்குக் குரல் மட்டும் போதாது. ஊரில் யாருக்கு யாரோடு போட்டி, யார் மகன் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறான், யார் போன வாரம் நிலம் விற்றார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் ஒரு நாட்டுக்கோழி முட்டையை உயரத் தூக்கிக் காட்டுவார். பத்து ரூபாயில் ஆரம்பித்து முந்நூறு, நானூறு என்று ஏறும். எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, "முட்டையக் கோயிலுக்கே குடுத்துட்டேன், திரும்பக் கூறும் அண்ணாச்சி" என்பார். முட்டை மறுபடி ஏலத்துக்கு வரும். இப்படி நாலு கை மாறி, சில சமயம் ஆட்டுக்குட்டியைவிட அதிகமாகச் சம்பாதித்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் யாரோ ஒரு சின்னப் பையன் கையில் உடைந்துபோகும். முட்டையைக் கொண்டுவந்தது யாரென்று எல்லோருக்கும் தெரியும். வேறெதுவும் கொண்டுவர வழியில்லாத ஒரு பாட்டி. அவள் பேரை ஏலத்தில் யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் அது பிச்சை போட்டதுபோல் ஆகிவிடும். பேரைச் சொல்லாமல் விலையை ஏற்றிவிட்டால், அந்த வருஷத்துப் பெரிய காணிக்கை அவளுடையது.

இதைக் கேட்ட வெளியூர் நண்பர் ஒருவர், "இதுல பக்தி எங்க இருக்கு?" என்றார். நியாயமான கேள்விதான். சாத்தான்குளம், திசையன்விளை, நாசரேத் வட்டாரத்துத் தேரிக்காட்டுச் சபைகளில் பக்தியை இதிலிருந்து தனியே பிரித்தெடுக்க முடியாது என்பதே என் பதில். முழங்கால் தேய ஜெபித்தவர்கள் உண்டு, வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு சபை மொத்தமாக விசுவாசத்தில் வளர்ந்தது என்றால், அது இப்படிக் கொடுத்து, வாங்கி, கூடித் தின்று, சண்டை போட்டு வளர்ந்ததுதான்.

பிடி அரிசியைச் சொல்லவேண்டும். உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளித் தனிக் கலயத்தில் போடுவார்கள். வீட்டில் பத்துப் பேர் சாப்பிட்டாலும் ஒரு பிடி, இருவர் சாப்பிட்டாலும் ஒரு பிடி. கலயம் நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். பிரசங்கம் செய்யாத, கமிட்டியில் இடமில்லாத, கோயிலில் வாய் திறந்தால் பாட்டுக்கு மட்டுமே திறந்த பெண்கள் இந்த ஒரு பிடியில்தான் சபையை நடத்தினார்கள். உபதேசியார் சம்பளத்துக்கும், எங்கோ பெயர் தெரியாத ஊரின் ஊழியத்துக்கும் அது போய்ச் சேர்ந்தது. பஞ்ச காலத்திலும் அந்தப் பிடியை நிறுத்தாத வீடுகள் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். பிடியின் அளவு சிறுத்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன், அதில் தப்பில்லை. பல வீட்டு அரிசி கலந்து கிடப்பதால் அது ஒன்றுபோல் வேகாது. சோற்றுக்கு ஆகாது, புட்டு மாவுக்குத்தான் ஆகும் என்று தெரிந்தேதான் ஏலத்தில் எடுப்பார்கள். அரிசிச் சபையும் மனிதச் சபைபோலத்தான்: ஒன்று குழைந்திருக்கும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும்.

இந்தச் சபைகள் பிறந்த விதமே அப்படி. 1799இல் முதலூர் என்ற கிராமம் உருவானபோது அது ஒரு வழிபாட்டுக் கூட்டமாக மட்டும் இருக்கவில்லை, அடிபட்டவர்களுக்குப் புகலிடமாகவும் இருந்தது. மதம் மாறிய பனையேறிகளுக்கு அவரவர் ஊரில் நிற்க இடமில்லை. குடிசையை எரித்தார்கள், கிணற்றை மறித்தார்கள். உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அவர்களைக் கூட்டிவந்து குடியமர்த்தினார். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இதையே பெரிய அளவில் செய்தார். 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தி, நிலம் வாங்கி, துன்பப்பட்டவர்களைக் குடியேற்றினார். தேரி ஓரத்தில் 'புரம்' என்று முடியும் கிறிஸ்தவ ஊர்கள் பல இப்படி வந்தவை. முதலில் நிலம், கிணறு, பக்கத்து வீடு, அப்புறம்தான் வேதபாடம். தனியாக நின்றவனின் விசுவாசத்தை ஒரே ராத்திரியில் அடித்து அணைத்துவிடலாம். தெருவோடு நின்றால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

ஆனால் இந்தக் கதையைப் பெருமையோடு மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துவருவதில்லை. அப்படி உருவான ஊர்களில் பல ஒரே சாதி ஊர்கள். சித்தப்பாவும் மச்சானும் பெரியம்மாவும் சேர்ந்ததுதான் சபை. சொந்தக்காரர்களோடு சேர்ந்து விசுவாசத்தில் வளர்வது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. கல்யாண வீட்டிலும்தான் அவர்கள் சேர்ந்து இருக்கிறார்கள். பக்கத்துத் தெருக்காரன் வந்து பெஞ்சில் உட்காரும்போதுதான் கேள்வியே பிறக்கிறது.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை உடனே, அடியோடு ஒழியவேண்டும் என்று எழுதி அனுப்பினார். தஞ்சாவூர்ச் சபைகளில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. எதிர்த்தவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பாட்டுகளை இன்றைக்கும் கண்ணீரோடு பாடுகிறோம். இந்த விஷயத்தில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதையும் தெரிந்துகொண்டு பாடுவது நல்லது. கத்தோலிக்கர் பக்கம் வடக்கன்குளம் கதை எல்லோரும் அறிந்தது. இரண்டு சாதியார் தனித்தனியே உட்கார்ந்து ஒரே பீடத்தைப் பார்க்கும்படி இரண்டு கைகளாகப் பிரித்துக் கட்டிய கோயில் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அந்தத் தடுப்பை எடுத்தபோது, எங்கள் இடம் எங்களுக்கு வேண்டும் என்று ஒரு தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சுவர் போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் தனித்தனி வரிசை இன்னும் எத்தனை ஊரில் இருக்கிறது என்று அவரவர் ஊரில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இதே மண்ணில்தான் நேர் எதிரான ஒரு காரியமும் நடந்தது. அதனால்தான் இந்த ஊர்களை வெறுக்கவும் முடியவில்லை. வெள்ளாளன்விளை குருவானவர் வீட்டில் 1874இல் பிறந்த வி.எஸ். அசரியா, நண்பர்களோடு சேர்ந்து 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். வெள்ளைக்காரர் பணம் வேண்டாம், நம் ஆட்கள், நம் காசு, நம் நிர்வாகம் என்பது ஏற்பாடு. சங்கத்தின் மிஷனெரிகள் போனது நிஜாம் ராஜ்யத்திலிருந்த டோர்னக்கல்லுக்கு. மொழி தெலுங்கு. சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள். யோசித்துப் பாருங்கள்: தன் ஊர்ச் சேரிக்குள் கால் வைக்காத குடும்பங்கள், ஒருநாளும் பார்க்கப்போகாத வேறொரு சேரிக்காகக் காணிக்கை எடுத்து வைத்தன. இதை முரண் என்று சொல்லி முடித்துவிடலாம். வளர்ச்சி என்பது பெரும்பாலும் இப்படித்தான் கோணல்மாணலாக வருகிறது என்றும் சொல்லலாம். தூரத்து மனிதனுக்குக் கொடுத்துப் பழகிய கை, பக்கத்து மனிதனிடம் நீளத் தலைமுறைகள் ஆயின. எல்லா ஊரிலும் இன்னும் நீளவில்லை.

அசரியா 1909இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டு அவரே டோர்னக்கல்லுக்குப் போனார். மறு வருஷம் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், அவ்வளவு வெள்ளைக்காரப் பெரியவர்கள் நடுவில் எழுந்து, நீங்கள் உழைத்தீர்கள், தியாகம் செய்தீர்கள், சிநேகிதத்தை மட்டும் தரவில்லை என்ற பொருளில் பேசினார். சபையில் பலருக்கு முகம் சுண்டிப்போயிற்று. 1912இல் அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். டோர்னக்கல்லில் ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், எழுதப்படிக்கத் தெரியாதவரும், சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்று வைத்தார். விசுவாசத்தில் முதிர்ந்தபிறகு பொறுப்பு என்று காத்திருக்கவில்லை. பொறுப்பைக் கொடுத்தால் முதிர்ச்சி வரும் என்பது அவர் கணக்கு. அவர் எடின்பரோவில் சொன்னதை இங்கே நம் சபைகளில் எழுந்து சொல்லியிருந்தால் நம் முகமும் சுண்டித்தான் போயிருக்கும்.

கூடி வளர்வது என்றால் எனக்கு நினைவுக்கு வருகிறவர் எங்கள் சபையில் ஒரு பெரியவர். கல்யாண வயதில் இருந்த மகனை விபத்தில் பறிகொடுத்தவர். அதன்பிறகும் ஞாயிறு தவறாமல் வருவார், அதே பெஞ்சில் அதே இடத்தில் உட்காருவார். பாட்டில் வாய் அசையாது. விசுவாசப் பிரமாணம் சொல்ல எல்லோரும் எழும்போது எழுவார், சொல்லமாட்டார். ராப்போஜனத்துக்கு முன்னால் போகமாட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை, புத்தி சொல்லவில்லை. ஐயர் மட்டும் அடிக்கடி அவர் வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு மழையைப் பற்றியும் வாழையைப் பற்றியும் பேசிவிட்டு வருவார். நல்ல ஐயர் அவர், இப்போது மாற்றலாகிவிட்டார். வருஷங்கள் கழிந்து ஒரு லெந்து நாளில் பெரியவர் சத்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் ஒருநாள் நான் கேட்டுவிட்டேன். "நான் சொல்லலைன்னா என்னலே, நீங்க எல்லாரும் எனக்கும் சேத்துத்தான சொல்லிக்கிட்டு இருந்தீங்க" என்றார்.

சபை எதற்கு, வீட்டிலேயே வேதம் வாசித்தால் போதாதா என்று கேட்கிற இளையவர்களிடம் நான் வாதாடுவதில்லை. இந்தப் பெரியவரைச் சொல்வேன். யூடியூபில் உலகத்துப் பிரசங்கிகள் எல்லோரும் இருக்கிறார்கள், எங்கள் ஐயரைவிட நன்றாகவே பேசுகிறார்கள். படுக்கையிலிருக்கும் பாட்டிமார்களுக்கு அது பெரிய வரம், அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் ஒருவன் வாய் அடைத்து நிற்கும்போது அவனுக்கும் சேர்த்துச் சொல்ல அந்தப் பிரசங்கிக்குத் தெரியாது. அவன் நிற்பதே அவருக்குத் தெரியாது.

அசனம் என்கிற சபை விருந்தைப் பற்றியும் எனக்கு இப்படியொரு பயம் உண்டு. அசனப் பண்டிகை என்றால் முந்தின ராத்திரியே கோயில் வளாகம் விழித்துக்கொள்ளும். ஒருபக்கம் ஆடு உரிப்பார்கள், ஒருபக்கம் பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து உள்ளி உரிப்பார்கள். ஊர்ச் சங்கதி முழுவதும் அந்த வட்டத்தில் ஓடும். வீட்டு ஜெபத்தில் வராத ஜெப விண்ணப்பங்கள் அங்கே வரும். இன்னாள் மருமகள் முழுகாமல் இருக்கிறாள், இன்னார் வட்டி கட்ட முடியாமல் திணறுகிறார். விடியற்காலம் சோற்றை வடித்து ஓலைப்பாயில் மலையாய்க் கொட்டுவார்கள். அண்டாவின் வளையத்தில் கம்பைக் கோத்து இரண்டு பேர் தோள்கொடுத்துத் தூக்கவேண்டும். வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன அண்ணன் தம்பி இருவரை ஒருமுறை வேண்டுமென்றே ஒரே கம்பில் மாட்டிவிட்டார்கள். அதனால் சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். கேஸ் இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு ஒரே பஸ்ஸில் போகிறார்கள், அவ்வளவுதான் முன்னேற்றம்.

பந்தியில் யார் பக்கத்தில் யார் என்று ஒழுங்கு கிடையாது. பக்கத்து ஊர் இந்துக்கள் வருவார்கள். நேர்ந்துகொண்டு ஆடு கொடுப்பவர்களும் அவர்களில் உண்டு. பஸ் விட்டு இறங்குகிற வழிப்போக்கனும் உட்காரலாம். பேராயர் வில்சனின் சுற்றறிக்கை சாதிக்காததை ஆட்டுக்கறிக் குழம்பு கொஞ்சமாவது சாதித்திருக்கிறது. பெண் எடுக்க மாட்டேன் என்கிறவன்கூட இலைக்கு இலை உட்கார்ந்து உண்கிறான். இது போதாது என்பவர்கள் சொல்வது சரி. ஆனால் இதுவும் இல்லாத ஊர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கொரோனா வந்து பந்தியை நிறுத்தியது. வேறு வழியில்லாமல் 2020க்குப் பிறகு சில இடங்களில் பார்சல் அசனம் வந்தது. வரிசையில் நின்று டோக்கனைக் கொடுத்து, பொட்டலத்தை வாங்கி, வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய் டிவி பார்த்தபடி சாப்பிடலாம். சுத்தம், சீக்கிரம், செலவும் குறைவு. நோய் போனது, பார்சல் சில இடங்களில் தங்கிவிட்டது. சமையலையும் வெளியே கேட்டரிங்குக்கு விட்டுவிட்டால் ராத்திரி கண்விழிக்க வேண்டாம், உள்ளி உரிக்க வேண்டாம், அண்டா தூக்க ஆள் தேட வேண்டாம். இளைஞர்கள் எல்லாம் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இருக்கும்போது யார் தூக்குவது என்ற கேள்வியும் பொய்யில்லை.

எங்கள் சபையிலும் இந்த வருஷம் பார்சல் பேச்சு வந்திருக்கிறது. அடுத்த கமிட்டியில் முடிவெடுக்கிறார்கள். பந்திதான் வேண்டும், கறி குறைந்தாலும் பரவாயில்லை, ஆள் குறைந்தால் என்னையும் உள்ளி உரிக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்சல் தரப்பில் இருக்கும் மெம்பர்கள் இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிக்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்கட்டும், பேசத்தானே போகிறோம்.