இசைத்தட்டை எந்த ஊசியால் வாசித்தீர்கள்?

பல்கலைக்கழகத் துறைகளும் ஆய்வு மாணவர்களும் பழைய இசைத்தட்டுகளைத் தாமே எண்மப் பதிவுகளாக மாற்றத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கொல்கத்தாவின் மிர்சா காலிப் தெருவிலும் மும்பையின் சோர் பஜாரிலும் வாங்கிய தட்டுகள், குடும்பங்கள் நூலகங்களுக்குக் கொடையாக அளித்த பெட்டிகள் எனப் பல திரட்டுகள் இன்று ஆய்வாளர் கைக்கு வந்துள்ளன. ஆனால் இப்பணிக்கென எழுதப்படும் கருவிப் பட்டியல்களில் ஒரு குறை தொடர்ந்து தென்படுகிறது. டர்ன்டேபிள், கணினி, மென்பொருள், வன்தட்டு ஆகிய அனைத்தும் அவற்றில் இடம்பெறுகின்றன. தட்டின் பள்ளத்தைத் தொடும் ஒரே பொருளாகிய ஊசிமுனையைப் பற்றி ஒரு சொல்லும் இருப்பதில்லை. குறைந்த செலவில் கார்ட்ரிட்ஜ் வாங்குவோர் நிறுவனத்தின் பெயரையும் விலையையும் பார்ப்பதற்கு முன்னர் முனையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். அவ்வாறு தேர்ந்த வடிவத்தைத் தம் ஆய்வேட்டில் குறிப்பிடவும் வேண்டும். இப்பதிவின் வாதம் இவ்வளவே.

காரணம் எளிய கணக்கில் அடங்கியுள்ளது. நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டின் வெளி விளிம்பில், மையத்திலிருந்து ஏறத்தாழ 146 மில்லிமீட்டர் தொலைவில், பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்கு 51 சென்டிமீட்டர். அதே தட்டின் உள் எல்லையில், 60 மில்லிமீட்டர் தொலைவில், அது 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது. 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட ஓர் அலை வெளி விளிம்பில் 51 மைக்ரான் நீளத்தில் எழுதப்படுகிறது. உள் எல்லையில் 21 மைக்ரானுக்குள் அடங்கியாக வேண்டும். ஒலி அதுவே, அதற்குக் கிடைக்கும் இடம் பாதிக்கும் குறைவு.

இனி முனைகளைப் பார்ப்போம். மலிவான கார்ட்ரிட்ஜ்களில் பெரும்பாலும் காணப்படுவது கூம்பு முனை. அதன் உருண்ட நுனியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான் வரை. முழு அலையே 21 மைக்ரான் நீளமுள்ள இடத்தில் இவ்வளவு பருத்த உருண்டை வளைவுகளுக்குள் இறங்க இயலாது. மேடுகளைத் தொட்டுப் பள்ளங்களைத் தாண்டிச் செல்லும். நீள்வட்ட முனையின் பக்கவாட்டு ஆரம் ஏறத்தாழ 8 மைக்ரான் என்பதால் அது மேலும் நுண்ணிய வளைவுகளைப் பின்பற்றும். ஷிபாட்டா முனை 1970களின் தொடக்கத்தில் ஜப்பானின் ஜேவிசி நிறுவனப் பொறியாளர் நோரியோ ஷிபாட்டாவால் உருவாக்கப்பட்டது. நான்கு தட ஒலித்தட்டுகளில் 30,000 ஹெர்ட்ஸ் அளவில் பொறிக்கப்பட்ட துணை அலையைப் பழைய முனைகளால் சரிவர வாசிக்க இயலாமையே அதன் பிறப்புக்குக் காரணம். இவ்வரிசையில் மிக நுண்ணியது மைக்ரோலைன் முனை. அதன் பக்கவாட்டு ஆரம் ஏறத்தாழ 3 மைக்ரான்.

இந்த வேறுபாடு நம் நாட்டு இசையை ஆய்வோருக்கு ஏன் முதன்மையானது? இந்துஸ்தானி கருவியிசை நெடுந்தட்டுகளில் பக்கத்திற்கு ஒரு ராகம் என்னும் அமைப்பு பரவலாக உண்டு. 1955இல் அமெரிக்காவில் வெளிவந்த உஸ்தாத் அலி அக்பர் கானின் நெடுந்தட்டும் அவ்வகையினதே. ராகம் ஆலாபில் மெல்லத் தொடங்கி, படிப்படியாக வேகம் கொண்டு, கடைசியில் துரித கதியை அடைகிறது. தட்டோ வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிச் செல்கிறது. எனவே வாசிப்பு உச்சமடையும் பகுதி, பள்ளம் மிகவும் நெருக்கடிப்படும் இடத்தில்தான் பெரும்பாலும் பொறிக்கப்பட்டுள்ளது. சிதாரின் சிகாரித் தந்திகள் ஜாலாவில் எழுப்பும் கூர்மையான ஒலி அங்கே கலங்கிக் கேட்டால், கலைஞரின் மீட்டலையோ ஒலிப்பதிவின் தரத்தையோ குறை கூறுவதற்கு முன் ஊசியின் வடிவத்தை விசாரிப்பதே முறை. பேச்சொலியை ஆய்வோருக்கும் இது பொருந்தும். ஸகர, ஷகர ஒலிகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் உயர் அதிர்வெண்களில் இருக்கிறது; கூம்பு முனை உள் பள்ளங்களில் முதலில் சிதைப்பதும் அதையே.

அப்படியானால் எல்லோரும் மைக்ரோலைன் வாங்கிவிடலாமா? விலை தடை என்று சொல்லப்படுகிறது. அதையும் கணக்கிட்டே பேச வேண்டும். ஆடியோ-டெக்னிகா நிறுவனம் தன் முனைகளுக்குத் தரும் ஆயுட்கால மதிப்பீடு இது: கூம்பு 500 மணி, நீள்வட்டம் 300 மணி, ஷிபாட்டா 800 மணி, மைக்ரோலைன் 1,000 மணி. நீள்வட்டம் கூம்பை விட விரைவில் தேய்வது வியப்புக்குரியதன்று. அது சுவரைத் தொடும் பரப்பு சிறியது. ஆகவே அழுத்தம் மிகுதி. மைக்ரோலைனோ சுவரின் உயரவாக்கில் நீண்ட கோடாகத் தொடுவதால் அழுத்தம் பரவிவிடுகிறது. முக்கால் மணி நேர நெடுந்தட்டு என்று கொண்டால் நீள்வட்ட முனை 400 தட்டுகளை வாசிக்கும். மைக்ரோலைன் 1,300க்கும் மேற்பட்டவற்றை வாசிக்கும். மூன்று மடங்கு விலை கொடுத்தாலும் மணிக்கணக்கில் நட்டமில்லை. பழைய தட்டுகளைப் பொறுத்தவரை மற்றொரு நன்மையும் உண்டு. முந்தைய உரிமையாளரின் கூம்பு முனை சுவரின் ஒரு பகுதியைத் தேய்த்திருந்தாலும், அது தொடாத பகுதியை இந்த நீண்ட கோடு எட்டக்கூடும்.

எனினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். முனை எவ்வளவு நுண்ணியதோ, அதைப் பொருத்துவதிலும் அவ்வளவு கவனம் தேவை. கார்ட்ரிட்ஜின் கோணம், பக்கச் சாய்வு, கரத்தின் உயரம் ஆகியவற்றில் சிறு பிழை நேர்ந்தாலும் மைக்ரோலைன், ஷிபாட்டா ஆகியவற்றின் பயன் குறைந்துவிடும். கூம்பு முனை இத்தகைய பிழைகளைப் பெரிதும் பொறுத்துக்கொள்ளும். பல மாணவர்கள் முறைவைத்துக் கையாளும் கருவியில், சரிபார்க்கப் பொறுப்பாளர் ஒருவர் இல்லையென்றால், நன்கு பொருத்திய நீள்வட்டமே கோணலாகப் பொருத்திய மைக்ரோலைனை விட மேலானது. ஆகவே தேர்வு விலையை மட்டுமன்றி, யார் கையாளப் போகிறார்கள் என்பதையும் சார்ந்தது.

இதுவரை சொன்னவை நெடுந்தட்டுகளுக்கு. நம் திரட்டுகளில் பெரும் பகுதியோ அரக்கால் ஆன 78 சுழற்சித் தட்டுகள். 1902இல் பிரெட் கைஸ்பர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜான் போன்றோரைப் பதிவு செய்த காலம் முதல் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியக் குரல்கள் இவற்றில்தான் வாழ்ந்தன. இவற்றின் பள்ளம் மிக அகன்றது. 65 முதல் 75 மைக்ரான் வரை ஆரமுள்ள முனை தேவை. நெடுந்தட்டு முனை அதில் நான்கில் ஒரு பங்கே. அதை 78 தட்டில் வைத்தால் சுவர்களில் நிலைகொள்ளாமல் பள்ளத்தின் அடியில் இறங்கி, அங்கே படிந்துள்ள தூசியையும் துகள்களையும் உரசிச் செல்லும். கேட்பது பாடலை விட இரைச்சலாகவே இருக்கும். ‘பழைய தட்டு, அப்படித்தான் இரையும்’ என்று நாம் அமைதி கொள்கிறோம். இரைச்சல் தட்டின் முதுமையால் மட்டும் வந்ததன்று. பொருந்தாத ஊசியாலும் வந்தது.

இங்கே இழப்பு என்ன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கௌஹர் ஜான் தம் தட்டுகளின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்தார். அவ்வறிவிப்பு இருப்பது தட்டின் உட்பகுதியில். எஃகு ஊசியை ஒரு பக்கத்திற்கு ஒன்றாக மாற்ற வேண்டும் என்பது அக்கால விதி. தட்டில் கலந்த கல்பொடி ஊசியைத் தேய்த்துவிடும். பக்கம் முடியும் தறுவாயில் தேய்ந்த ஊசியே பள்ளத்தை உரசும். யார் பாடியது என்பதற்குத் தட்டே தரும் சான்று இவ்வாறு ஏற்கெனவே நலிந்த இடத்தில் இருக்கிறது. அதைப் பொருந்தாத முனையால் மேலும் சுரண்டுவதை ஆவணப் பாதுகாப்பு என்று அழைக்க இயலாது. பீங்கான் கார்ட்ரிட்ஜும் விரைவில் தேயும் நீலக்கல் முனையும் பொருத்திய பெட்டி வடிவக் கருவிகளை இப்பணிக்கு வாங்குவதைத் துறைகள் அறவே கைவிட வேண்டும். அவை கூடத்தில் கேட்டு மகிழ்வதற்கு உரியவை.

சிறிய நிதியில் என்ன செய்யலாம்? உடல் ஒன்றாகவும் முனைகள் மாற்றத்தக்கவையாகவும் உள்ள கார்ட்ரிட்ஜைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை. ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. அதன் உடலில் கூம்பு, இருவகை நீள்வட்டம், ஷிபாட்டா, மைக்ரோலைன், 78 தட்டுகளுக்கான 3 மில் கூம்பு ஆகிய ஆறு முனைகளையும் மாற்றிப் பொருத்தலாம். நெடுந்தட்டு முனைக்கு 2 கிராம் அழுத்தமும் 78 முனைக்கு 5 கிராமும் வைக்க வேண்டும். 78 சுழற்சியும் எதிரெடையும் கொண்ட எளிய டர்ன்டேபிள் ஒன்று, ஒரு நீள்வட்ட முனை, ஒரு 78 முனை: இவற்றுடன் தொடங்கலாம். மேலும் பணம் இருந்தால் அதை டர்ன்டேபிளின் அழகுக்குச் செலவிடாமல் மைக்ரோலைன் முனைக்குச் செலவிடுக. 78 தட்டுகளை ஒற்றைத் தடமாகச் சுருக்கிவிடாமல் இரு தடங்களையும் அப்படியே பதிவு செய்க. இடச்சுவரும் வலச்சுவரும் ஒரே அளவில் தேய்ந்திருப்பதில்லை. எது நல்லது என்பதைப் பின்னர் தீர்மானிக்கலாம்.

‘மென்பொருள் எல்லாவற்றையும் சீர்செய்துவிடும்’ என்பது அடிக்கடி கேட்கும் மறுப்பு. சொடுக்கொலியையும் இரைச்சலையும் மென்பொருள் ஓரளவு குறைக்கும். ஊசி தொடாத வளைவை அது அறியாது. முனை தவறவிட்டதை 96,000 மாதிரிகளும் 24 பிட் துல்லியமும் மீட்டுத் தரா. தவற்றை மிகத் துல்லியமாகச் சேமித்து வைக்கும், அவ்வளவே.

சுவடிப் பதிப்பாசிரியர் எந்தெந்தச் சுவடிகளை ஒப்பிட்டார், எந்தப் பாடத்தை ஏன் கொண்டார் என்று முன்னுரையில் கூறவில்லையெனில் நாம் அப்பதிப்பை ஏற்பதில்லை. அதே நாம், ஒரு பாடகரின் ஸ்ருதியையும் கமகத்தையும் உச்சரிப்பையும் இசைத்தட்டைக் கொண்டு விவரிக்கும் ஆய்வேட்டில், தட்டின் எண்ணை மட்டும் கண்டு நிறைவடைகிறோம். அந்தத் தட்டை வாசித்தது எந்த முனை, என்ன ஆரம், எத்தனை கிராம் அழுத்தம், எத்தனை மணி நேரம் தேய்ந்த ஊசி என்று வாய்மொழித் தேர்வில் எவரும் கேட்பதில்லை. பன்னாட்டு ஒலி, ஒளிப்பதிவுக் காப்பகங்களின் சங்கம் வெளியிட்ட டிசி-04 வழிகாட்டி, மூலத்திலிருந்து இயன்ற அளவு சிறந்த ஒலியை எடுப்பதையும் எடுத்த முறையைப் பதிவு செய்வதையும் வலியுறுத்துகிறது. அதைப் பின்பற்றப் பெரிய ஆய்வகம் தேவையில்லை.

நெறியாளர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ‘78 சுழற்சி, கூம்பு முனை, 76 மைக்ரான், 5 கிராம், 120 மணி நேரம் பயன்பட்டது, இரு தடப் பதிவு, வடிகட்டப்படாதது’ என்பது போன்ற ஒரு வரியை ஒவ்வொரு ஒலிக்கோப்புடனும் ஒவ்வொரு மேற்கோளுடனும் கேட்டு வாங்குங்கள். எழுத ஒரு நிமிடமும் ஆகாது. அந்த வரி இருந்தால், இருபது ஆண்டுகள் கழித்து வரும் மாணவர் தாம் கேட்பது பாடகரின் குரலா, நம் ஊசியின் குறையா என்று பிரித்தறிய இயலும். அது இல்லையென்றால், தட்டும் உடைந்துபோன ஒரு நாளில், நம் ஊசியின் குறையே அப்பாடகரின் குரலாக நிலைத்துவிடும்.