பூட்டும் சாவியும்: ஜார்ஜியா மாநிலக் கவர்னருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு கவர்னர் அவர்கள் சமூகத்திற்கு,

ஆண்டில் ஆறு மாதம் ஆல்பரெட்டா நகரில் மகள் வீட்டில் தங்கிவிட்டு மீண்டும் காவிரிக் கரைக்குத் திரும்பும் முதியவன் நான். தங்கள் மாநிலத்தில் எனக்கு வாக்குரிமை கிடையாது. ஆயினும் என் பேத்தி இம்மண்ணில் பிறந்து, இங்குள்ள பள்ளியில் படித்து, இங்குள்ள குழந்தைகளோடு விளையாடி வளர்கிறவள்; அவள் பொருட்டே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

அவளை யாரேனும் ஒரு தோழி தன் வீட்டுக்கு விளையாட அழைக்கும்போதெல்லாம், என் மகள் அந்த வீட்டுத் தாயாரைத் தொலைபேசியில் அழைத்து மூன்று விஷயங்களைக் கேட்பது வழக்கம். வீட்டில் நாய் உண்டா என்பது முதலாவது. தின்பண்டத்தில் நிலக்கடலை சேருமா என்பது இரண்டாவது. துப்பாக்கி உண்டா, உண்டென்றால் பூட்டி வைத்திருக்கிறீர்களா என்பது மூன்றாவது. முதல் இரண்டையும் இயல்பாகக் கேட்பவளின் குரல் மூன்றாவதற்கு வரும்போது தாழ்ந்துவிடும். விருந்துக்கு அழைத்தவரிடம் அவர் வீட்டுப் பெட்டி பேழைகளைப் பற்றி விசாரிப்பது மரியாதையாகாது என்று கற்பித்து வளர்க்கப்பட்டவள் அவள். குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்லும் கேள்விதான் இது என்று அவள் பின்னர் எனக்கு விளக்கினாள். பெரும்பாலோர் கோபங்கொள்ளாமல் விடை சொல்கிறார்கள். ஒருமுறை மட்டும் ஓர் அம்மையார், "படுக்கையருகே மேசையின் இழுப்பறையில் இருக்கிறது, தொடக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லியிருக்கிறோம்" என்றார். அன்று பேத்தி போகவில்லை. அந்த அம்மையார் தீயவர் அல்லர். என் மனைவி காய்ச்சலாய்க் கிடந்த வாரத்தில் சூப்பு வைத்துக் கொண்டுவந்து கொடுத்தவர். தம் குழந்தைகள் சொன்ன சொல் தட்டாதவர்கள் என்று ஒரு தாய் நம்புவதில் குற்றம் காண என்னால் இயலாது. ஆனால் ஏழு வயதுக் குழந்தையின் கீழ்ப்படிதலை நம்பித் தோட்டா நிரப்பிய ஆயுதத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கலாகாது என்று அவருக்குச் சொல்ல வேண்டிய கடமை அரசாங்கத்துக்கு உண்டல்லவா?

2024 செப்டம்பர் 4 அன்று பாரோ மாவட்டத்து வைண்டர் நகரில், அப்பலாச்சி உயர்நிலைப் பள்ளியில் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் மாண்டதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வயது பதினான்கு. மாண்ட மாணவர் இருவருக்கும் அதே வயது. அச்சிறுவனின் தந்தைமீதும் மறுநாளே வழக்குத் தொடரப்பட்டது. அவ்வழக்கைப் பற்றிப் பேச நான் வரவில்லை. என்னை உறங்கவிடாதது வேறொரு செய்தி. அதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக, 2023 மே மாதத்தில், இணையத்தில் எழுதப்பட்ட மிரட்டலொன்றைத் தொடர்ந்து ஜாக்சன் மாவட்டக் காவலதிகாரிகள் அத்தந்தையையும் மகனையும் விசாரித்தார்கள் என்றும், வீட்டில் வேட்டைத் துப்பாக்கிகள் உண்டு, ஆயினும் மேற்பார்வையின்றி மகன் அவற்றைத் தொட இடமில்லை என்று தந்தை கூறினார் என்றும் மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. பிற்பாடு பயன்பட்ட துப்பாக்கியோ அவ்விசாரணைக்குப் பின்னர் மகனுக்குக் கிறிஸ்துமஸ் பரிசாக வாங்கப்பட்டதென்று கூறப்படுகிறது. துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொல்லும் சேமக்காப்புச் சட்டம் ஒன்று அன்று இருந்திருந்தால் அந்த நான்கு உயிர்களும் தப்பியிருக்கும் என்று அறுதியிட்டுரைக்க எனக்கு உரிமையில்லை. ஆனால், "எங்கே பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்று வினவ அந்த அதிகாரிக்கும், அவ்வினாவுக்குத் தக்க விடையோடு வாழ அந்தத் தந்தைக்கும் சட்டத்தில் ஒரு வரியேனும் இருந்திருக்கும்.

அந்த வரி இன்றும் இல்லை. அத்துயரத்துக்குப் பிறகு 2025 ஏப்ரலில் தாங்கள் கையொப்பமிட்ட பள்ளிப் பாதுகாப்புச் சட்டம் நல்ல சட்டமே. ஆசிரியர் அபாயச் செய்தி அனுப்ப வழி செய்தது, பள்ளி மாறும் மாணவனின் ஆவணங்கள் விரைந்து சென்றடைய ஏற்பாடு செய்தது. ஆயினும் அது பள்ளியின் வாசலில் நின்றுவிட்டது. ஆயுதம் புறப்பட்டு வரும் வீட்டின் வாசல்வரை செல்லவில்லை. நகராட்சிகளேனும் செய்யலாமென்றால், துப்பாக்கிகளைப் பற்றி ஊர்தோறும் விதி வகுப்பதைத் தங்கள் மாநிலச் சட்டம் தடுக்கிறது. அதே சட்டம், குடும்பத் தலைவர் ஒவ்வொருவரும் துப்பாக்கி வைத்திருக்க வேண்டுமென்று ஓர் ஊர் கட்டளையிடுவதையோ அனுமதிக்கிறது. கென்னசா நகரம் 1982ஆம் ஆண்டிலேயே அவ்வாறு கட்டளையிட்டது. வைத்திரு என்று சொல்ல ஊருக்கு அதிகாரம் உண்டு, பூட்டி வை என்று சொல்ல இல்லை. ஆகவேதான் நான் ஊர்த் தலைவரிடம் போகாமல் தங்களிடம் வருகிறேன்.

பூட்டி வைக்கச் சொல்லும் சட்டம் ஆயுத உரிமையை வெறுக்கும் மாநிலங்களின் ஏற்பாடு என்று யாரும் சொல்வதற்கில்லை. இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றியது தங்கள் தென்னெல்லையில் இருக்கும் ஃபுளோரிடா, ஆண்டு 1989. டெக்ஸாஸ் 1995இல் இயற்றியது. நான்கு மாணவர்களை ஆக்ஸ்ஃபோர்டு பள்ளித் துப்பாக்கிச் சூட்டில் பறிகொடுத்த மிச்சிகனில் 2024 பிப்ரவரி முதல் நடைமுறையிலிருக்கும் சட்டம், சிறார் இருக்கும் இடத்தில் கவனிப்பாரின்றி விடப்படும் துப்பாக்கி, பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், அல்லது தோட்டா நீக்கிப் பூட்டு மாட்டப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. உடையவர் தம் உடலோடு வைத்திருப்பதை அது தடுக்கவில்லை. 2008இல் தலைநகர் வாஷிங்டனின் கடுமையான துப்பாக்கி விதியைத் தள்ளுபடி செய்த உச்ச நீதிமன்றமும், விபத்தைத் தடுக்கும் நோக்கோடு சேமக்காப்பை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் அத்தீர்ப்பினால் செல்லாமற் போய்விடா என்றே எழுதிற்று. உரிமம் பெற்ற வியாபாரி கைத்துப்பாக்கி விற்கும்போது பூட்டும் சேர்த்துத் தரவேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் விதிக்கிறது. ஆனால் வாங்கியவர் அப்பூட்டை மாட்டியே தீரவேண்டும் என்று அது சொல்லவில்லை. நீளத் துப்பாக்கியைப் பற்றியோ பேச்சே இல்லை.

இனி நான் சொல்லப்போவது என் ஊர்ச் சங்கதி. எங்கள் வயல்களில் எண்டிரின் தெளித்த காலத்தில், என் தந்தையார் அந்தப் புட்டியை மாட்டுக்கொட்டகையில் ஒரு மரப்பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டிருந்தார். எதற்கு இவ்வளவு ஜாக்கிரதை என்று கேட்டதற்கு, "கோபம் ஒரு நாழிகை இருக்கும், அந்த நாழிகையில் புட்டி கைக்கு அகப்படக்கூடாது" என்றார். அவர் அதிகம் படித்தவரல்லர். பல ஆண்டுகள் கழித்து, கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொதுவிடத்தில் பூட்டறைகளில் வைக்கும் ஏற்பாட்டைச் சென்னை மருத்துவர்கள் செய்து பார்த்தபோது தற்கொலைகள் குறைந்தன என்று படித்தேன். தந்தையார் நினைவு வந்து கண் கலங்கியது. மனம் உடைந்த பதினாறு வயதுப் பிள்ளைக்கும் அந்த ஒரு நாழிகைதான் ஆபத்து. அது கடந்துவிட்டால் பிள்ளை பிழைத்துக்கொள்ளும். துப்பாக்கி கையில் இருந்தாலோ அது கடக்கவே அவகாசம் கிடைப்பதில்லை. 2020ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாட்டில் ஒன்று முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளோரின் மரணத்துக்குத் துப்பாக்கியே முதற் காரணமாயிருக்கிறது. குழந்தைகளுக்கு எட்டாமல் காக்கும் சட்டங்களால் இளையோர் துப்பாக்கியால் செய்துகொள்ளும் தற்கொலையும் தற்செயலான காயங்களும் குறைகின்றன என்பதற்கு வலுவான சான்று உண்டென்று, ஆய்வுகளையெல்லாம் திரட்டி நோக்கிய ரேண்ட் நிறுவனம் கூறுகிறது.

நள்ளிரவில் திருடன் வந்தால் சாவியைத் தேடிக்கொண்டிருப்பதா என்று கேட்கிறார்கள். நியாயமான அச்சந்தான். விரல் வைத்த மாத்திரத்தில் திறக்கும் சிறு பெட்டகங்கள் இப்போது கடைகளில் கிடைக்கின்றன. விலை தாங்காத குடும்பங்களுக்கு விற்பனை வரியை நீக்குங்கள், காவல் நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் பூட்டுகளை இலவசமாய்க் கொடுங்கள். பெற்றோரைச் சிறையில் அடைப்பது என் விருப்பமன்று. பிள்ளையை இழந்த தாய்க்கு நீதிபதி தண்டனை விதித்து என்ன ஆகப்போகிறது? துயரம் நிகழுமுன், துப்பாக்கி விலைக்கு வாங்கும் நாளன்றே, பூட்டுவது கடமையென்று கடைக்காரர் சொல்லும்படியான ஒரு சட்டத்தைச் சட்டசபையிடம் கேட்டுப் பெறுங்கள் என்பதே என் விண்ணப்பம்.

வருகிற சனிக்கிழமை பேத்திக்குப் புதிதாய் ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அந்த வீட்டாரை எங்களுக்குத் தெரியாது. உள்ளறையில் என் மகள் இப்போதுதான் தொலைபேசியை எடுத்திருக்கிறாள். நாயைப் பற்றிக் கேட்டு முடித்துவிட்டாள்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு பாட்டன்